மீன் ஓடும் தூரம்: தூண்டில் ரீலின் பின்னிழை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் தூண்டில் முறையில் தூண்டில்காரருக்கும் மீனுக்கும் இடையே மூன்று வகை இழைகள் உண்டு. மற்றத் தூண்டில்களில் ஈயக்குண்டின் கனமோ இரையின் கனமோ இழையை இழுத்துக்கொண்டு போகும். இங்கே முள்ளில் கட்டப்பட்டிருப்பது இறகும் நூலும் கொண்டு செய்த ஒரு பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே இல்லை. ஆகவே வீசுவதற்கு வேண்டிய கனத்தை இழைக்கே கொடுத்துவிட்டார்கள். தடித்த, மேற்பூச்சுக் கொண்ட, பெரும்பாலும் 27 மீட்டர் அளவுள்ள அந்த இழையை நாம் வீச்சிழை என்போம். அதன் முன்முனையில் பூச்சியைத் தாங்கும் மெல்லிய, கண்ணாடி போன்ற இழை நுனியிழை. வீச்சிழைக்குப் பின்னால், ரீலின் அச்சை ஒட்டி எல்லாவற்றுக்கும் முன்பாகச் சுற்றப்படுவது மூன்றாவது இழை. ஆங்கிலத்தில் அதை பேக்கிங் என்பர். பின்னிழை என்று நாம் அழைக்கலாம்.

பெரும்பாலான நாட்களில் பின்னிழை தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. கோலையும் ரீலையும் பூச்சியையும் நாள்கணக்கில் ஆராய்ந்து வாங்குகிறவர்கள்கூடப் பின்னிழையைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றிக் கவிதை பாடியவர் இல்லை; பக்கம் பக்கமாக எழுதியவரும் குறைவு. ஆனால் தூண்டில் வரலாற்றை இந்த மறைந்த இழையின் வழியே படித்தால் ஒரு செய்தி துலங்குகிறது. ஒரு மீனை எவ்வளவு தூரம் ஓடவிடலாம், அவ்வளவு தூரம் ஓடிய பின்னும் அதனோடு நம்மைப் பிணைத்திருப்பது எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடையே பின்னிழை. அந்த விடைகளுள் ஒன்றுகூட வெறும் வலிமையை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

ஓட இடமில்லாத காலம்

பொய்ப்பூச்சி கொண்டு மீன் பிடிப்பதைப் பற்றிய தெளிவான பழங்குறிப்பு, கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் ஏலியன் என்னும் ரோமானியர் கிரேக்க மொழியில் எழுதிய நூலில் கிடைக்கிறது. மாசிடோனியாவின் ஆற்றொன்றில் மக்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினர் என்று அவர் எழுதுகிறார். கோலின் நீளம் ஆறடி. இழையின் நீளமும் ஆறடி. இழை கோலின் நுனியில் கட்டப்பட்டிருந்தது. மீன் ஆறடிக்கு மேல் ஓட முயன்றால் ஒன்று கோல் வளைய வேண்டும், அல்லது இழை அற வேண்டும்.

உலகின் பழைய தூண்டில்கள் எல்லாமே ஏறக்குறைய இவ்வகையினதான். சங்கப் புலவருள் ஒருவர் தாம் ஆண்ட உவமையாலேயே மீனெறி தூண்டிலார் என்று பெயர் பெற்றதை நாம் அறிவோம். குறுந்தொகையில் 54ஆம் பாடல் அவருடையது. யானை வளைத்துக் கைவிட்ட பசுமூங்கில் விசையோடு மேலெழுவதற்கு அவர் தூண்டிற்கோலை ஒப்புமையாக்கினார். அந்த உவமையில் விசை முழுவதும் கோலில்தான் இருக்கிறது. மீன் பற்றிய கணத்தில் கோல் நிமிர வேண்டும். விட்டுப் பிடிக்கும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. நுனியில் இழை கட்டிய கோலைக் கண்ணால் கண்டவர் மட்டுமே சொல்லக்கூடிய உவமை அது.

இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டு அச்சேறிய தூண்டில் நூல், டேம் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவியின் பெயரோடு மரபாகச் சேர்த்துச் சொல்லப்படுவது. அது இழையைக் குதிரைவால் முடியால் திரிக்கச் சொல்கிறது. மீனுக்கு ஏற்றபடி முடிகளின் எண்ணிக்கை மாறும். மிகச் சிறு மீனுக்கு ஒரே முடி, டிரவுட் மீனுக்கு ஒன்பது, பெரிய டிரவுட்டுக்குப் பன்னிரண்டு, சால்மனுக்குப் பதினைந்து. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெரிய மீனுக்கு அந்நூல் தரும் விடை இழையின் பருமன், நீளம் அன்று. ரீல் இல்லாத உலகில் வேறு விடை இருக்கவும் முடியாது.

ஆனால் பருமனுக்கு ஓர் எல்லை உண்டு. தடித்த இழையை மீன் கண்டுகொள்ளும். பூச்சி இயல்பாக மிதக்காது. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், அளவுக்கு மீறிய மீன் மாட்டினால் கோலையே தண்ணீரில் எறிந்துவிடுவது தம் வழக்கம் என்று சொல்கிறார். மீன் கோலை இழுத்துக்கொண்டு ஓடும். களைத்த பிறகு கோலைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். படிக்கையில் நகைப்புக்குரியதாகத் தோன்றும் இந்தச் செய்கையில்தான் பின்னிழையின் கருத்து பிறக்கிறது என்று நாம் துணிந்து சொல்லலாம். மீனை நிறுத்த முடியாது, ஓடவிட்டுத்தான் பிடிக்க முடியும் என்று வால்டன் உணர்ந்திருந்தார். ஓடவிடுவதற்கு வேண்டிய நீளம்தான் அவர் கையில் இல்லை.

சக்கரமும் நீளமும்

அந்த நீளத்தைச் சீனர் முன்பே கண்டிருந்தனர். 1195ஐ ஒட்டி மா யுவான் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தில், குளிர்காலத்து நீர்ப்பரப்பில் தனியே படகில் அமர்ந்த ஒருவரின் தூண்டிற்கோலில் சிறு சக்கரம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் என்பவர் 1651இல் எழுதிய சிறு நூல், இழையைச் சுற்றவும் விடவும் உதவும் உருளையொன்றைக் கோலின் அடிப்பகுதியில் பொருத்தியிருந்த ஒருவரைக் குறிப்பிடுகிறது. ஆங்கில அச்சுநூல்களில் ரீலைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் அதுவும் ஒன்று.

ரீல் வந்ததும் முடியிழையின் குறை வெளிப்பட்டது. குதிரைவால் முடி நீளமாக வளர்வதில்லை. ஆகவே முடியிழை என்பது பல துண்டுகளை முடிச்சிட்டுச் சேர்த்த ஒன்று. நுனியில் கட்டிய இழைக்கு முடிச்சுகள் தடையல்ல. ஆனால் கோலில் உள்ள வளையங்களின் ஊடே விரைந்து ஓட வேண்டிய இழைக்கு ஒவ்வொரு முடிச்சும் ஓர் இடர். முடியோடு பட்டைச் சேர்த்துத் திரித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டையே பின்னி எண்ணெய் ஊட்டிய வீச்சிழை நிலைபெற்றது. கனமும் வழவழப்பும் ஒருங்கே அமைந்த அது நன்றாக வீசத் தக்கதாக இருந்தது.

அதன் விலையும் அதற்கேற்ப இருந்தது. சால்மன் ஓடும் ஆற்றில் நூறு மீட்டருக்கு மேல் இழை வேண்டும். ஆனால் வீசுவதற்குப் பயன்படுவது முன்பகுதி மட்டுமே. எஞ்சியதற்கும் பட்டையே சுற்றுவது வீண் என்று கண்டபோது, மலிவான லினன் இழை பட்டின் பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டையும் முடிச்சிடாமல், முனைகளைப் பிரித்து ஒன்றோடொன்று இணைத்து, மெழுகிட்ட பட்டு நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினர். இணைப்பு வளையங்களில் சிக்காமல் ஓட வேண்டும் என்பதே நோக்கம். வீசும் இழை வேறு, ஓடவிடும் இழை வேறு என்ற பிரிவினை இவ்வாறு சிக்கனத்தில் பிறந்தது.

பட்டுக்கும் லினனுக்கும் பொதுப்பகை ஈரம். ரீலில் ஈரத்தோடு விட்டால் இரண்டும் மக்கிப்போகும். அமெரிக்காவில் சார்ல்ஸ் ஆர்விஸ் 1874இல் காப்புரிமை பெற்ற ரீலின் பக்கத்தட்டுகள் முழுவதும் துளைகள் இடப்பட்டிருந்தன. எடையைக் குறைப்பதோடு இழைக்குக் காற்று படச் செய்வதும் அத்துளைகளின் பயன். இன்றைய ரீல்களிலும் அந்தத் துளைகள் தொடர்கின்றன. உலர்த்த வேண்டிய இழை போய்விட்டது. உலர்த்துவதற்காக ஏற்பட்ட வடிவம் நிலைத்துவிட்டது.

லினன் இழையின் கணக்கு

லினன் என்பது ஆளிச் செடியின் நாரிலிருந்து வருவது. ஈரத்தில் பட்டு வலிமை குன்றும். லினனோ வலிமை கூடும். தூண்டில் இழைக்கு இதைவிட ஏற்ற குணம் வேறில்லை. மாசசூசெட்ஸ் கரையை அடுத்த கட்டிஹங்க் என்ற சிறு தீவில் 1864இல் செல்வந்தர் சிலர் ஒரு மீன்பிடிக் கழகம் நிறுவினர். அத்தீவின் பெயரே முறுக்கிய லினன் இழைக்கு வணிகப்பெயர் போல ஆயிற்று. அந்த இழைகளை நூல் எண்ணிக்கையால் அளந்தனர். நூல் ஒன்றுக்கு ஈரநிலையில் மூன்று பவுண்டு வலிமை என்பது கணக்கு. ஒன்பது நூல் இழை என்றால் 27 பவுண்டு. இருபத்து நான்கு நூல் என்றால் 72 பவுண்டு. முடிகளை எண்ணிய பழைய மரபின் தொடர்ச்சியாகவே இது நமக்குத் தோன்றுகிறது.

1898 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் காட்டலினா தீவருகே சார்ல்ஸ் ஃபிரடெரிக் ஹோல்டர் 183 பவுண்டு எடையுள்ள சூரை மீனைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டில் அங்கே சூரை மீன்பிடிப்போர் கழகம் ஒன்று தோன்றியது. இது பூச்சித் தூண்டில் அன்று, இரைத் தூண்டில். எனினும் இழையின் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. கடல்மீனின் ஓட்டத்துக்குப் பல நூறு மீட்டர் இழை தேவை என்பதை அது பலரறியச் செய்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும் அவ்வளவு இழையையும் நன்னீரில் அலசி, மரச் சட்டத்தில் சுற்றி, நிழலில் உலர்த்த வேண்டியிருந்தது. உப்பும் ஈரமும் லினனை உள்ளிருந்தே தின்றுவிடும். மேற்பார்வைக்கு முழுமையாகத் தெரியும் இழை பெருமீன் ஓடும் வேளையில் அறுந்துபோகும். நேற்றைய சோம்பலுக்கு இன்று மீனை இழக்க வேண்டிவரும் என்பது லினன் காலத்துத் தூண்டில்காரர் ஒவ்வொருவரும் கற்ற பாடம்.

நைலானின் குற்றம்

1938இல் டூபான்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது. மக்காத, உலர்த்த வேண்டாத, விலை மலிந்த இழை. அடுத்துவந்த போரில் ஜப்பானியப் பட்டு நின்றுபோனது. நைலான் பாராசூட்டுகளுக்குப் போனது. போர் முடிந்ததும் நைலான் தூண்டில் இழையாகத் திரும்பி வந்தது. நம் கடற்கரைகளிலும் தங்கூசி என்று வழங்கும் இழை இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நுனியிழையாக நைலான் பெரும் வெற்றி பெற்றது. அதற்கு முன்னர் நுனியிழை என்பது பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்த ஒன்று. ஸ்பெயினின் மூர்சியா பகுதி அதற்குப் பேர்போனது. அந்தத் தொழிலை நைலான் சில ஆண்டுகளில் முடித்துவைத்தது. ஆனால் பின்னிழையாக அது தோற்றது. தோல்விக்குக் காரணம் வலிமைக் குறைவு அன்று; நீளும் தன்மை. இழுவிசையில் நைலான் நன்றாக நீண்டுகொடுக்கும். மீனை இழுத்துக்கொண்டே ரீலைச் சுற்றும்போது நீண்ட நிலையிலேயே அது உருளையில் ஏறும். ஏறிய பிறகு பழைய நீளத்துக்குச் சுருங்க முயலும். ஒரு சுற்றின் நெருக்கம் சிறிது. நூற்றுக்கணக்கான சுற்றுகளின் நெருக்கம் ஒன்றுசேர்ந்தால் உருளையின் உலோகப் பக்கங்களே பிதுங்கிவிடும். இவ்வாறு உடைந்த ரீல்கள் பல. தவிரவும் ஒற்றை இழையான நைலான் உருளையின் வளைவை நினைவில் வைத்துக்கொண்டு, வெளியே வரும்போது சுருள்சுருளாக வந்து வளையங்களில் சிக்கும்.

இதில் ஒரு நெறி இருக்கிறது. நுனியிழையில் நற்குணமாக இருப்பது பின்னிழையில் குற்றமாகிறது. நீளும் தன்மை, பூச்சியருகே மீனின் திடீர் உதறலை வாங்கிக்கொண்டு இழையைக் காக்கிறது. உருளையின் மேலோ ரீலை உடைக்கிறது. பொருளின் குணத்தை அதன் இடத்தோடு சேர்த்துத்தான் மதிப்பிட முடியும்.

டாக்ரானும் அதன் பின்னும்

1941இல் மான்செஸ்டரைச் சேர்ந்த காலிகோ பிரிண்டர்ஸ் கழகத்தில் பணியாற்றிய வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினர். இங்கிலாந்தில் டெரிலீன் என்றும் அமெரிக்காவில் டாக்ரான் என்றும் அது பெயர் பெற்றது. நம்மூர்ச் சட்டைத்துணியில் டெரிலீன் என்ற பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த உறவு வியப்பளிக்கலாம். பின்னிய டாக்ரான் நைலானைக் காட்டிலும் மிகக் குறைவாகவே நீளும், தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது, மக்காது, மென்மையாக உருளையில் படியும், முடிச்சுக்கும் இணங்கும். லினன் இருந்த இடத்தில் அது அமர்ந்தது. 1950களில் பட்டு வீச்சிழையின் இடத்தை பிளாஸ்டிக் மேற்பூச்சுக் கொண்ட மிதக்கும் இழை பிடிக்கத் தொடங்கியபோது, ரீலின் மூன்று இழைகளும் புதியனவாயின. இரவில் இழையை உலர்த்தும் வேலை ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோயிற்று.

டாக்ரானுக்கு உரைகல்லாக அமைந்தது ஃபுளோரிடாவின் ஆழமற்ற கடற்பரப்பு. 1947இல் ஜோ ப்ரூக்ஸ் என்னும் எழுத்தாளர், ஜிம்மி ஆல்பிரைட் என்ற படகு வழிகாட்டியின் துணையோடு அங்கே போன்ஃபிஷ் மீனைப் பூச்சித் தூண்டிலில் பிடித்ததும், அதைப் பற்றி எழுதியதும் கடலில் பூச்சித் தூண்டில் பரவ ஒரு காரணமாயின. போன்ஃபிஷ் பெரிய மீனன்று; இரண்டு மூன்று கிலோ இருந்தாலே நல்ல மீன். ஆனால் முழங்கால் ஆழத் தண்ணீரில் அதற்குக் கீழே போக வழியில்லை. ஆகவே தொலைவை நோக்கி ஓடும். முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டரைக் கடக்கும். ஆற்றங்கரையில் ஆண்டுக்கொருமுறை தலைகாட்டிய பின்னிழை இங்கே ஒவ்வொரு மீனுக்கும் வெளிவந்தது. தடித்த வீச்சிழையோடு மெல்லிய பின்னிழையைச் சேர்க்கும் முடிச்சுகளுள் ஒன்று இன்றும் ஆல்பிரைட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்த மாற்றம் நெதர்லாந்திலிருந்து வந்தது. டி.எஸ்.எம். என்னும் நிறுவனம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலில் பிறந்து வேதிப்பொருளுக்கு மாறிய ஒன்று. அதன் ஆய்வாளர்கள் ஸ்மித், லெம்ஸ்ட்ரா இருவரும் 1979இல், பாலிஎத்திலீனைக் கரைசலில் கூழாக்கி நூற்று மிக வலிய இழை செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினர். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் அது சந்தைக்கு வந்தது. தூண்டில் உலகில் ஜெல் ஸ்பன் என்பர். 30 பவுண்டு டாக்ரானோடு ஒப்பிட்டால் அதே வலிமையுள்ள ஜெல் ஸ்பன் இழையின் விட்டம் ஏறக்குறைய பாதிதான். விட்டம் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பு கால்பங்கு. உருளையில் சுற்றும்போது இடைவெளிகள் விழுவதால் ஏட்டுக்கணக்கு முழுவதும் கைகூடாது. எனினும் ஒரே ரீலில் மிக அதிக நீளத்தை அடக்க முடிகிறது.

ஆனால் இதற்கும் தனிக் குற்றங்கள் உண்டு. மிகுந்த வழவழப்பு, சாதாரண முடிச்சு நழுவிவிடும். தளர்வாகச் சுற்றினால், மீன் இழுக்கும்போது மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கிடையே புதைந்து சிக்கும்; ஓடும் மீனுக்கு இழை திடீரென நின்றால் நுனியிழை அறுவது உறுதி. மெல்லியதாகையால் ஓடும் இழையில் விரல் பட்டால் கத்தி போல வெட்டும். வலிமையில் எல்லாவற்றையும் விஞ்சிய இழை, சுற்றும் கையின் கவனத்தை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோருகிறது.

தேர்வு

இன்று ஒருவர் பின்னிழை தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? எது வலியது என்பதன்று. எங்கே அற வேண்டும் என்பது. பெரிய மீனொன்று பாறையையோ பவளத்தையோ சுற்றிக்கொண்டால் எங்கேனும் ஓரிடத்தில் இழை அற்றே தீரும். நுனியிழையில் அற்றால் மீன் ஒரு பூச்சியோடு போகும். பின்னிழையில் அற்றால் 27 மீட்டர் வீச்சிழையையும் அதற்குப் பின்னுள்ள நீளத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஏதேனும் ஒன்றில் சிக்கி அங்கேயே மடியக்கூடும். தூண்டில்காரருக்கு இழப்பு பணம்; மீனுக்கு இழப்பு உயிர். பிடித்த மீனைத் திரும்ப விடுவதே வழக்கமாகிவிட்ட இக்காலத்தில் இந்த வேறுபாடு அறத்தைச் சார்ந்தது.

ஆகவே விதி எளிது. நுனியிழையே எப்போதும் மிக மெலிந்ததாக இருக்க வேண்டும். பின்னிழை அதைவிடத் தெளிவாக வலியதாக இருக்க வேண்டும். 1939இல் தோன்றிய சர்வதேசத் தூண்டில் மீன்பிடிப்புச் சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ., பூச்சித் தூண்டில் சாதனைகளுக்கு ஏற்கும் நுனியிழையின் உச்சவரம்பு 20 பவுண்டு. அப்படியிருக்க 30 பவுண்டு பின்னிழை எதற்கு என்று கேட்கலாம். முடிச்சு இழையின் வலிமையில் ஒரு பகுதியைக் குறைக்கும். உராய்வு ஒரு பகுதியைக் குறைக்கும். ஆண்டுகள் ஒரு பகுதியைக் குறைக்கும். எஞ்சியதும் நுனியிழையை விஞ்ச வேண்டும். அதற்காகவே அந்த மிகுதி.

நீளத்தை நீர்நிலை முடிவுசெய்கிறது. நமக்கு அருகிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உள. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் அமைந்த குஞ்சு பொரிப்பகத்தின் வழியாக மலையோடைகளில் ரெயின்போ டிரவுட் நிலைபெற்றது. குறுகிய ஓடையில் அம்மீன் ஓடும் தூரம் குறைவு. 20 பவுண்டு டாக்ரான் ஐம்பது மீட்டர் போதும். அதுவும் பெரும்பாலும் உருளையை நிரப்பத்தான். காவிரியின் கதை வேறு. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூலின் நாயகன் மஹசீர். தூண்டில் பட்டதும் அது ஓடும் முதல் ஓட்டம் தூண்டில்காரர் நடுவே பெயர் பெற்றது. அத்தகைய நீரில் 30 பவுண்டு இழை நூற்றைம்பது, இருநூறு மீட்டர் வேண்டியிருக்கும். காவிரிக்கே உரிய திமில் மஹசீர் 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும். இன்று அதை நோக்கித் தூண்டில் வீசலாமா என்ற கேள்வி பின்னிழையின் கேள்விக்கு முந்தியது.

பொதுவாகச் சொன்னால், ஆற்று மீனுக்கும் நடுத்தர ரீலுக்கும் டாக்ரானே தக்கது. கைக்கு இணக்கமானது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கடலில் டார்பன் போன்ற பெருமீனுக்கு இருநூற்றைம்பது மீட்டரும் அதற்கு மேலும் வேண்டும்போதோ, சிறு ரீலில் அதிக நீளம் அடங்க வேண்டும்போதோ ஜெல் ஸ்பன் தன் விலைக்குத் தக்க பயன் தரும்.

பயன்பாடு

பின்னிழையின் பயன் மீன் ஓடும்போது மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. உருளையை நிரப்புவதே அதன் அன்றாடப் பணி. பெரும்பாலான பூச்சித் தூண்டில் ரீல்களில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளையும் ஒரு சுற்றுதான். இழை நிரம்பி விட்டம் எட்டு சென்டிமீட்டராக இருந்தால் ஒரு சுற்றில் 25 சென்டிமீட்டர் இழை திரும்பும். நான்கு சென்டிமீட்டராகக் குறைந்தால் பன்னிரண்டரைதான். நூறு மீட்டர் மீட்க முன்னதில் நானூறு சுற்று, பின்னதில் எண்ணூறு. மீன் திரும்பி நம்மை நோக்கி ஓடிவரும்போது இந்த வேறுபாடு மீன் நிற்பதையும் போவதையும் தீர்மானிக்கும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. ரீலின் தடை அச்சில் இயங்குகிறது. உருளையின் விட்டம் குறையக் குறைய, அதே தடையை வெல்ல மீன் அதிக விசையோடு இழுக்க வேண்டும். எட்டு சென்டிமீட்டரில் ஒரு கிலோ இழுவிசைக்கு அமைத்த தடை, நான்கு சென்டிமீட்டரில் இரண்டு கிலோவாகிவிடும். தண்ணீரில் கிடக்கும் நீண்ட இழையின் இழுப்பு அதனோடு சேரும். ஆகவே மீன் தொலைவுக்குப் போகப் போகத் தடையைத் தளர்த்த வேண்டும். பதற்றத்தில் கை இறுக்கவே விழையும், அறிந்தவர் தளர்த்துவார். அகன்ற அச்சுள்ள ரீல்கள் 1990களில் பரவியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சுற்றும் முறைக்கு ஒரு பழைய உத்தி உண்டு. எவ்வளவு பின்னிழை கொள்ளும் என்று தெரியாதபோது முதலில் வீச்சிழையைச் சுற்றி, அதன்மேல் பின்னிழையைச் சேர்த்து, உருளையின் விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே நிறுத்தி வெட்டிக்கொள்வார்கள். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, தலைகீழாகச் சுற்றுவார்கள். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் பிழையாத வேலை. விளிம்புவரை நிரப்பிவிட்டால், மீனோடு போராடும்போது ஒழுங்கின்றி ஏறும் இழை சட்டத்தில் உராய்ந்து நின்றுவிடும். சுற்றும்போது துணியால் இழையைப் பற்றி நல்ல இறுக்கம் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் சற்றே குறுக்கும்நெடுக்குமாக விட வேண்டும். ஜெல் ஸ்பன் இழை உருளையோடு வழுக்கிச் சுழலாதிருக்க அச்சில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை முதலில் ஒட்டிக்கொள்வது நன்று. வீச்சிழையை மாற்ற விரும்புவோர் பின்னிழையின் முனையில், வீச்சிழைச் சுருள் முழுவதும் நுழையும் அளவுக்குப் பெரிய கண்ணி ஒன்றை அமைத்துக்கொள்வார்கள்.

பராமரிப்பு லினன் காலத்தைப்போல் கடினமானதன்று. கடலுக்குப் போய்வந்தால் நன்னீரில் அலச வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழு நீளத்தையும் வெளியே எடுத்து, விரல்களுக்கிடையே மெல்ல ஓடவிட்டுச் சொரசொரப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். வீச்சிழையோடு சேரும் முடிச்சை அழுத்தமாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் சில மீட்டர் வெட்டியெறிந்து புதிதாகக் கட்ட வேண்டும். மக்காத இழை வந்ததால் இந்தச் சோதனை தேவையற்றதாகிவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. லினன் இழையை நாள்தோறும் உலர்த்தியவருக்கு அதன் ஒவ்வொரு மீட்டரும் தெரிந்திருந்தது. உலர்த்த வேண்டாத இழை நமக்கு ஓய்வைத் தந்தது; கூடவே அந்த அறிமுகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

குதிரைவால் முடியிலிருந்து ஜெல் ஸ்பன் வரையிலான ஐந்நூறு ஆண்டுகளில் இழையின் வலிமை பன்மடங்கு பெருகியிருக்கிறது. முடிச்சைக் கட்டும் விரல்கள் மட்டும் அவையேதான். அடுத்த பருவத்துக்குப் போகுமுன் ரீலைத் திறந்து, பின்னிழையை அச்சுவரை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்ப்பவர்களுக்குப் பத்து நிமிடம் செலவாகும். ஒரு மீனின் உயிரும் ஒருநாளின் மகிழ்ச்சியும் அந்தப் பத்து நிமிடத்தில் அடங்கியிருக்கக் கூடும்.